சீர்த்தட்டில் வந்த புத்தகங்கள்

போன வாரம் கேண்டீனில் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மலர்விழி ஒரு பார்சலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மலர்விழி எங்கள் லேபில் என்னோடு வேலை பார்க்கிறவள். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி. வெளியே போகிற சரக்கு சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. பார்சல் செக்யூரிட்டி ரூமில் கிடந்ததாம். வீட்டுக்குப் போகும்வரை பொறுமை இல்லை அவளுக்கு. டிபன் ஸ்பூனின் காம்பால் டேப்பைக் கிழித்துத் திறந்தாள். உள்ளே புத்தகங்கள். அட்டையில் ஒரு பெண் குழந்தை விண்வெளி உடுப்பு போட்டுக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று கிராப் வெட்டிக்கொண்டு பந்தை உதைக்கிறது, இன்னொன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நம்மையே முறைக்கிறது.

லேபில் சேரும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், எந்த பாட்டிலையும் நேராக மூக்கருகே கொண்டுபோய் முகரக்கூடாது, கையால் லேசாக விசிறி வாசத்தை வரவழைக்க வேண்டும் என்று. இத்தனை வருஷப் பழக்கம், அந்தப் புத்தகங்களையும் அப்படித்தான் விசிறிப் பார்த்தேன். மலர்விழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது மை, பசை, வழவழத் தாள், அந்த வாசத்தை விசிறி முகர்ந்தாலும் எனக்கு ஆபத்துதான்.

"பாப்பாவுக்குப் பன்னண்டு முடியப்போவுதுக்கா. பெண்ணியம் அது இதுன்னு பெரிய பெரிய வார்த்தையா இல்லாம, அவளுக்குப் புரியற மாதிரி வேணும்னு தேடித்தேடி வாங்குனேன். நாளைக்கு எவன்கிட்டயும் பயப்படாம மாட்டேன்னு சொல்லணும்ல?"

"நல்லாருக்கு மலரு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது.

நீங்கள் என்னைத் தெரிந்தவர் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். பெண் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட இந்த மாதிரிப் புத்தகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். புத்தகங்கள்மேல் இல்லை, அதுகள் பாவம், அச்சடித்ததைத் தவிர வேறு என்ன சொல்லும். அந்தக் காலத்தில், நம் பக்கத்தில் இப்படிப் புத்தகம் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாதபோது, எனக்கு அதையெல்லாம் தேடி வாங்கிக் கொடுத்த ஒருத்தி இருந்தாள். என் வாழ்க்கையில் எனக்கு முதன்முதலில் துரோகம் செய்ததும் அவள்தான். அவள் என் அத்தை, அப்பாவின் அக்கா.

நாங்கள் கீரப்பாளையம். அத்தை சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை. மாமா திடீரென்று இறந்துபோனதால் அவருக்குப் பதில் கிடைத்த வேலை அது. அப்போது அவள் மகன் செல்வத்துக்கு நடக்கிற வயசு. எங்கள் பக்கம் அத்தை மகனையும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நீங்கள் குழம்பிவிடுவீர்கள், அதனால் இங்கே செல்வம் என்றே சொல்கிறேன், அவனும் கோபித்துக்கொள்கிற ஆளில்லை. மாமா செத்த வீட்டில் பொட்டை அழிக்க வந்த பெண்களின் கையை அத்தை தட்டிவிட்டாளாம். "செத்தது அவரு. என் நெத்தி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாளாம். இதை எங்கள் வீட்டில் அப்பா கொஞ்சம் கூச்சத்தோடும், நான் சினிமா வசனம் மாதிரியும் சொல்லிக்கொண்டு திரிவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ் ஏறினால் அத்தை வீடு. வருஷா வருஷம் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி போடுவார்களே, அதற்கு அத்தை லீவு போட்டுவிட்டுப் போய் ஒரு கட்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். அவ்வளவும் எனக்கு. அந்த வீட்டில் துணி சோப்பு வாசமும் புதுப் புத்தக வாசமும் சேர்ந்தே அடிக்கும். அத்தை கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு குரலை மாற்றி மாற்றிப் படிப்பாள். ராஜாவுக்கு ஒரு குரல், மந்திரிக்கு மூக்கடைத்த குரல்.

அதில் ஒரு கதை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு ஊரில் பெண்கள் விசிலடிக்கக்கூடாது என்று ராஜா சட்டம் போட்டுவிடுகிறார். ஒரு குட்டிப் பெண் மட்டும் அடிக்கிறாள். ராஜாவின் பட்டத்து யானை ராஜாவையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. இதைக் கேட்டுவிட்டு நான் ஒரு வாரம் உதடு வீங்கப் பழகி, கீரப்பாளையம் பஸ் ஸ்டாப்பிங்கில் நின்று ஒரு விசில் அடித்தேன் பாருங்கள், கிளம்பிப்போன பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விஷயம் அப்பா காதுக்குப் போய், அப்பா பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டார். அடிக்கவில்லை, எடுத்தார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அத்தை வந்து அப்பாவை ஒரு பிடி பிடித்தாள்.

"ஏண்டா, விசில்ல ஆம்பள விசிலு பொம்பள விசிலுன்னு ரெண்டு இருக்குதா? வாயில வர்ற காத்துதானே? அவ அடிச்சா உனக்கு எங்க வலிக்குது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "இல்லக்கா, ஊருல ஒரு மாதிரி பேசறாங்க" என்றார். ஒரு பெரிய ஆம்பளை, மீசையும் ஆளுமாக, புத்தகம் படித்த ஒரு பெண்ணின் முன்னால் அப்படி நின்றது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் பெரியவள் ஆனால் அத்தையாகத்தான் ஆவேன் என்று அன்று முடிவு செய்தேன்.

அத்தை படிக்கும்போது செல்வம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். சமையலறையில் இருப்பான். என்னைவிட நான்கு வயது மூத்தவன், மீசை அரும்புகிற வயதில் கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து கொத்சு செய்வான். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவான், என் தட்டையும் சேர்த்து. ஆம்பளைப் பையன் என் எச்சில் தட்டைக் கழுவுகிறான்! நான் அந்தக் காட்சியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தை படிப்பதை நிறுத்திவிட்டு என் தொடையில் தட்டுவாள்.

"பாத்துக்கடி. ஆம்பளப் புள்ளைய இப்படித்தான் வளக்கணும். நாளைக்கு இவனக் கட்டிக்கிறவ ராணி மாதிரி இருப்பா."

இதை அப்படியே அம்மாவிடம் வந்து ஒப்பிப்பேன். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே வாய்க்குள் சிரிப்பாள். "ஆமாமா, யாருக்காவ வளக்கறாங்களோ" என்பாள். அம்மாவுக்கு அத்தைமேல் பொறாமை என்று நான் நினைத்துக்கொண்டேன். படிக்கிற பெண்ணைக் கண்டால் படிக்காத பெண்ணுக்கு வரும் பொறாமை. எனக்கு அந்த வயதிலேயே எவ்வளவு தலைக்கனம் பாருங்கள்.

எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். வீட்டில் மஞ்சத் தண்ணி ஊற்றுவதற்கு நாள் பார்த்தார்கள். பந்தல், சவுண்ட் சர்வீஸ், ஊரெல்லாம் பத்திரிகை. எனக்கு அழுகையாக வந்தது. அத்தை கொடுத்த ஒரு புத்தகத்தில் அந்த வயதுப் பெண்களுக்குக் கேள்வி பதிலாக எல்லாம் போட்டிருந்தது: உடம்பு மாறுவது இயற்கை, அதில் வெட்கமும் இல்லை, ஊருக்கு அறிவிக்க ஒன்றும் இல்லை என்று. டெலிபோன் பூத்துக்குப் போய் அத்தை ஆபீசுக்குப் போன் செய்தேன்.

"அத்த, எனக்கு இதெல்லாம் வேணாம். நீங்க வந்து அப்பாகிட்ட சொல்லுங்க."

"ஒரு நாள் பொறுத்துக்கடி கண்ணு. நான் வந்து வேற மாதிரி பண்ணிக் காட்டறேன் பாரு."

வேறு மாதிரிதான் செய்தாள். அன்றைக்கு மேளத்தோடு சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. புடவைத் தட்டு, வளையல் தட்டு, பழம், பூ, இனிப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால், புருஷன் இல்லாத பெண் நிற்கவே கூடாது என்கிற இடத்தில், அத்தை நெற்றியில் பொட்டோடு நடந்து வந்தாள். அவள் கையிலிருந்த தட்டில் புத்தகங்கள். அடுக்கி, மேல் புத்தகத்தின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சுற்றிலும் மல்லிகைச் சரம் விட்டிருந்தாள். பந்தலில் எல்லாத் தலையும் திரும்பியது. மணையில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும் போல் இருந்தது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கூட்டத்தில் ஒருவர், "அக்காகாரி தட்ட வச்சிட்டா. இனிமே எவனும் இந்த வாசல் ஏறமுடியாது" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். புத்தகம் இருக்கிற வீட்டு வாசலில் ஏற எல்லாரும் பயப்படுவார்கள் என்று பொருள் எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அப்புறம் வந்த வருஷங்களில் புத்தகங்களும் என்னோடு வளர்ந்தன. யானைக் கதைகள் போய், ஊரைவிட்டுப் போய்ப் படிக்கிற பெண்கள் வந்தார்கள், லாரி ஓட்டுகிற பெண் வந்தாள், பிடிக்காத மாப்பிள்ளையிடம் நேரில் போய்ப் பிடிக்கவில்லை என்று சொல்கிற பெண் வந்தாள். அந்தப் பெண்ணின் கதையை அத்தை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியிருக்கிறாள். இரண்டு தடவையும் அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "இப்படிச் சொல்லணும்டி! முகத்தப் பாத்து, தெளிவா, மாட்டேன்னு. சாரி கூடச் சொல்லத் தேவையில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் கேள்வி பதில் புத்தகத்தை மட்டும் அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். அதில் படமும் போட்டிருந்தார்கள். அரிசி வாசம் ஏறிய ஒரே பெண்ணியப் புத்தகம் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும்.

பிளஸ் டூ முடிந்ததும் போதும் என்றார் அப்பா. அத்தைதான் வந்து சண்டை போட்டு என்னைச் சிதம்பரத்தில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சேர்த்துவிட்டாள். அதை மறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும். அவள் இல்லையென்றால் நான் இன்று இந்த லேபில் இல்லை. மதியம் அவள் வீட்டில்தான் சாப்பாடு, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல், "நல்லா எழுதியிருக்க" என்பாள்.

படிப்பு முடிந்த அந்த வருஷமே செம்மங்குப்பத்தில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் என்னைத் தவிர எல்லாரும் பையன்கள். ஆர்டர் கையில் வந்ததும் வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் அத்தைக்குத்தான் போன் செய்தேன். சந்தோஷத்தில் கத்திவிடுவாள் என்று நினைத்தேன்.  "சரி. ஞாயித்துக்கிழம வரேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். செல்வமும் வந்தான், இஸ்திரி போட்ட சட்டையில். இனிப்பு, பூ, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் இருந்தன. என் வேலைக்குத்தான் இவ்வளவு கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டு நான் கேசரி கிளறினேன். முந்திரியைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த முந்திரிமேல்தான் ஆத்திரம் வருகிறது.

தட்டை அப்பாவின் முன்னால் தள்ளி அத்தை சொன்னாள்: "என் பொருளக் கேட்டு வந்திருக்கேன்டா."

"கேக்கணுமாக்கா? உன் ஊட்டுப் பொண்ணு அவ" என்றார் அப்பா.

கேசரித் தட்டோடு நின்ற எனக்கு முதலில் புரியவில்லை. யாருடைய பொருள், எந்த வீட்டுப் பெண். புரிந்ததும் அம்மாவைப் பார்த்தேன்.

"எப்ப முடிவாச்சு இது?"

"இன்னாடி தெரியாத மாதிரி கேக்கற? உன் மஞ்சத் தண்ணியிலேயே தட்டு வாங்கியாச்சே. அத்த வச்ச தட்ட அப்பா கையில வாங்கலையா? ஊரே பாத்துதே."

ஊரே பார்த்தது, உண்மைதான். அன்றைக்குப் பந்தலில் சிரித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முறத்தில் அரிசி புடைத்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போனது மாப்பிள்ளை பார்க்கத்தான் என்று எனக்கு மட்டும்தான் தெரியாது. அவ்வளவு படித்தவளுக்கு, அந்தத் தட்டில் புடவைக்குப் பதில் புத்தகம் இருந்ததே தவிர அது பரிசத் தட்டுதான் என்கிற சின்ன விஷயம் தெரியவில்லை.

அத்தையின் முகத்தைப் பார்த்து, தெளிவாக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். "நான் மாட்டேன் அத்த."

அத்தை சிரித்தாள். பெருமையாகத்தான் சிரித்தாள். அப்பாவைப் பார்த்து, "பாத்தியாடா எப்படிப் பேசறா" என்றாள். ஏதோ குழந்தை பாட்டுப் பாடிக் காட்டிவிட்டது போல. நான் இன்னொரு தடவை சொன்னேன். சிரிப்பு நின்றது.

"ஏண்டி, நெசமாவா சொல்ற?"

"நெசமாதான். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, புடிக்கலன்னா மாட்டேன்னு சொல்லணும்னு."

"அதெல்லாம் வெளி ஆளுங்ககிட்ட சொல்றதுக்குடி! எங்கிட்டயா?"

அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை. மனசார அப்படித்தான் நினைத்திருந்தாள். விசிலடிக்கிற பெண்ணும் லாரி ஓட்டுகிற பெண்ணும் ஊரில் இருக்கிற மற்ற ஆம்பளைகளிடமிருந்து என்னைக் காப்பாற்றி, பத்திரமாக அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்கள். அதற்காகத்தான் அவ்வளவு புத்தகம். எனக்கு அவள் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, தனக்கு ஒரு மருமகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். என்னால் அழக்கூட முடியவில்லை. கையிலிருந்த கேசரியை அந்த வெற்றிலை பாக்குத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன்.

குழாயடியில் செல்வம் டீ குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அவன் கழுவியிருக்க வேண்டியதே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதுன்னுதான் எனக்குத் தெரியாது."

"உங்களக் கேட்டாங்களா?"

"யாரு கேட்டா?" என்றான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அது வேற" என்றான். அவனிடம் என்னால் கோபப்பட முடியவில்லை, இன்றுவரைக்கும்.

அத்தை அதோடு விடவில்லை. இரண்டு நாள் கழித்து ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். இப்போது கல்யாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என் வேலையைப் பற்றித்தான் பேசினாள். "கெமிக்கல் கம்பெனிடா. அந்தக் காத்த மூச்சு வாங்குனா புள்ள பொறக்குமா? ஷிப்டு வேற. ஆம்பளைங்களுக்கு மத்தியில நின்னு வேல பாக்கணும். நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இது ஒவ்வொன்றையும் அப்பா சொல்வார், நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று போன மாதம்வரை எனக்கு ஒத்திகை பார்த்துக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அப்பாவின் வசனத்தை அவளே பேசினாள். கல்யாணம் கேட்டதைக்கூட மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது? எனக்கு வேலை போனால் போகட்டும், தன் பேச்சைக் கேட்காதவள் நன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதானே?

அப்பா அசைந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் என் ஆர்டர் அலமாரியோடு போயிருக்கும். அங்கேதான் அத்தை வாயைவிட்டாள். "நீ பொண்ண வளத்த லட்சணம் அப்படி" என்றாள்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என் வளர்ப்புல என்ன கொறையக் கண்டுட்ட நீ? என் பொண்ணு வேலைக்குப் போவா. எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன். நீ கெளம்புக்கா" என்றார்.

ஆகவே நண்பரே, நான் வேலைக்குப் போனது அத்தனை புத்தகங்களின் பலத்தால் இல்லை. அப்பாவின் மீசைக்கு ரோஷம் வந்ததால். மேடையில் யாராவது பெண் விடுதலை பற்றிப் பேசும்போது எனக்கு அந்த மீசைதான் ஞாபகத்துக்கு வரும், சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம், அங்கிருந்து கடலூர் பஸ். புதுச்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காற்று மாறும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இறங்க வேண்டிய இடம் வருகிறது என்று மூக்கு சொல்லிவிடும். முதல் வாரம் வேலை முடிந்து ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் அலமாரி காலியாக இருந்தது. அத்தை ஆள் அனுப்பியிருக்கிறாள். அம்மா எல்லாப் புத்தகங்களையும் ஒரு உரச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டாள், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்து.

"யாரக் கேட்டுக் குடுத்த? அது என்னோடது!"

"உன்னோடதா? அது தட்டுல வந்ததுடி. சம்மந்தம் இல்லன்னு ஆயிடுச்சுன்னா வச்ச சீரு திரும்பிப் போவணும். அதான முறை?" என்றாள் அம்மா. அவளுக்கு இதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வெள்ளிக் குங்குமச்சிமிழ் வந்திருந்தால் அதையும் இப்படித்தான் கட்டிக் கொடுத்திருப்பாள்.

அன்றைக்குத்தான் அழுதேன். ராஜாவுக்கு நான் பென்சிலால் கொம்பு வரைந்திருந்தேன், சில பக்கங்களில் மாங்காய்க் கறை இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது வெறும் கொடுக்கல் வாங்கல் என்று அத்தையே ஆள் அனுப்பிச் சொன்ன பிறகு அழாமல் என்ன செய்வது?

அப்புறம் எவ்வளவோ நடந்தது. நான் கடலூருக்குக் குடிவந்தேன். எனக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். நல்ல மனுஷன், அவருக்கு விசிலடிக்கத்தான் வராது. செல்வத்துக்கு மங்கலம்பேட்டையில் பெண் எடுத்தார்கள். அப்பா இறந்தபோது அத்தை வந்தாள், தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

சில வருஷம் கழித்து சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் செல்வத்தின் மனைவி வனிதாவின் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். பேச்சுக்குப் பேச்சு, "உனக்கென்ன வனிதா, செல்வம் மாமா கொத்சு வச்சார்னா ஊரே மணக்கும்" என்றேன். அவள் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாருக்கா, எங்க ஊட்டுக்காரரா? சமையக்கட்டு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது அவருக்கு. கல்யாணமான புதுசுல ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னு தட்டக் கழுவப் போனாரு. எங்க மாமியார் புடுங்கிட்டாங்க. ஆம்பளப் புள்ள எச்சித் தட்டக் கழுவுறதான்னு ஒரே சத்தம்."

 நான் மறுத்ததால் இழந்தது நான் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அவளுக்கும் யாராவது ஒரு தட்டுப் புத்தகம் கொண்டுவந்து வைத்திருந்தால் அவளுக்கும் தட்டுக் கழுவுகிற புருஷன் கிடைத்திருப்பானா? தூரத்துப் பந்தியில் செல்வம் கை நீட்டாமல் உட்கார்ந்திருக்க, அத்தை நின்றுகொண்டு அவனுக்குப் பாயசம் ஊற்றச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு வெட்கமில்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கேயாவது யாரிடமாவது தைரியமாக ஒரு 'மாட்டேன்' சொல்லி ஜெயித்துவிட்டால், அதை அத்தையிடம் சொல்ல வேண்டும் போல இருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால் "நல்லதுதான்" என்பார். அம்மாவிடம் சொன்னால் பயப்படுவாள். மலர்விழி கை கொடுப்பாள். ஆனால் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிக்க அவர்களால் முடியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் புதிதாக வந்த மேனேஜர், பெண்களின் நல்லதுக்காகத்தான் என்று சொல்லி எங்களை லேபிலிருந்து எடுத்து ஆபீஸ் பைல்களுக்கு மாற்றப் பார்த்தார். மீட்டிங்கில் எல்லாரும் தலையைக் குனிந்திருந்தார்கள். நான் எழுந்து, "நாங்க மாட்டோம் சார். எங்க நல்லது என்னன்னு எங்களக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். சாரி சொல்லவில்லை. ஒரு வாரம் இழுத்தடித்து அந்த உத்தரவை விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, எனக்கு என்ன ஆயிற்றோ, அத்தையின் நம்பரை அழுத்திவிட்டேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு. எடுத்தாள். யார் என்று சொல்லிவிட்டு, மூச்சுவிடாமல் நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, பத்து வயதுப் பெண் மாதிரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தத்தை யாரையோ குறைக்கச் சொன்னாள்.

"இதுக்குத்தாண்டி அப்பவே தலையால அடிச்சிகிட்டேன், அந்த வேலைக்குப் போவாதன்னு" என்றாள் அத்தை. "ஆம்பளைங்ககிட்ட போயி மல்லுக்கு நிக்கற. உன் ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லத்த" என்றேன். மூட்டு வலி பற்றிக் கொஞ்சம் சொன்னாள், மழை இல்லை என்று சொன்னாள், நான் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை.

ஒரு பெண் மாட்டேன் என்று சொன்னால் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட எனக்கு உலகத்தில் ஒரே ஒருத்தி இருந்தாள். என் முதல் மாட்டேனை அவளிடமே சொல்லவேண்டி வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அவள் இல்லாமல் போய்விட்டாள். அத்தை சிதம்பரத்தில் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள்.